குதிரை மேல் ஏற யாருக்கு இடம்? வடக்கு வட்டாரத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விளையாட்டு

தஞ்சோங் டாவாய் - மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாய்க்கு வார இறுதியில் கருவாடும் நெத்திலியும் பெலாச்சானும் வாங்க ஆட்கள் வருவார்கள். குதிரை விளையாட்டைப் பற்றிப் பேச யாரும் வருவதில்லை. இவ்வட்டாரத் தமிழர்களுக்குக் குதிரை என்றால் தோட்டக் கோயிலில் மதுரைவீரன் அமர்ந்திருக்கும் குதிரையும், திருவிழாவில் ஆடும் பொய்க்கால் குதிரையும், பினாங்கு பந்தயத் திடலும்தான் நினைவுக்கு வரும்.

ஆனாலும் இவ்வாண்டு உலகக் குதிரையேற்றப் போட்டியை இங்குள்ள குடும்பங்களும் கவனிப்பது நல்லது. 2026 ஆகஸ்ட் 11 முதல் 23 வரை ஜெர்மனியின் ஆகென் நகரில் அது நடைபெறவிருக்கிறது. டிரெஸ்ஸாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டியும், மாற்றுத் திறனாளிகளுக்கான பாரா டிரெஸ்ஸாஜ் போட்டியும் அங்கே ஒரே நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுகின்றன. இரண்டாவது போட்டியின் கதை பந்தயத் திடலில் தொடங்கியதல்ல. நோயாளியின் படுக்கையிலிருந்து தொடங்கியது. ஊனமுற்ற பிள்ளையை வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அதில் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கிறது.

டிரெஸ்ஸாஜ் என்றால் என்ன?

இதில் வேகத்துக்கு வேலை இல்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட மணல் திடலில், ஓரங்களில் எழுத்துப் பலகைகள் நட்டிருப்பார்கள். எந்த எழுத்தருகே குதிரை எப்படி நடக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் சுழியத்திலிருந்து 10 வரை புள்ளி கொடுப்பார்கள். மொத்தப் புள்ளி விழுக்காடாகக் கணக்கிடப்படும். 70 விழுக்காட்டைத் தாண்டினால் நல்ல ஆட்டம்.

ஓட்டுநர் குதிரையை அதட்டக்கூடாது, இழுத்துப் பிடிக்கக்கூடாது. இடுப்பின் சிறு அசைவு, கால் முட்டியின் மெல்லிய அழுத்தம், கடிவாளத்தின் சிறு குறிப்பு ஆகியவற்றாலேயே அறுநூறு கிலோ எடையுள்ள விலங்கை நடத்த வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு ஓட்டுநர் ஒன்றும் செய்யாதது போலவே தெரிய வேண்டும். அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை.

ஒரே மேடையில் மலேசியாவும் இந்தியாவும்

இந்த விளையாட்டில் மலேசியா சாதாரண நாடல்ல. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் டிரெஸ்ஸாஜில் நம் நாட்டின் காபில் அம்பாக் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்து 2023 செப்டம்பரில் நடந்த ஹாங்சோ போட்டியில் அவர் தங்கமே வாங்கினார். அன்று ஹாங்காங்கின் ஜாக்குலின் சியூ வெள்ளியும், இந்தியாவின் அனுஷ் அகர்வாலா வெண்கலமும் பெற்றனர். ஆசியாவின் உச்சியில் மலேசியக் கொடியும் இந்தியக் கொடியும் ஒன்றாக ஏறிய அந்த நாள், இங்கே பூப்பந்துக்கும் காற்பந்துக்கும் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெறவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 26-இல், இந்தியக் குழு இன்னொரு சாதனை செய்தது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் செடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வர் கொண்ட குழு 209.205 புள்ளிகளுடன் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் வென்றது. சீனா இரண்டாம் இடம், ஹாங்காங் மூன்றாம் இடம். 1982 டில்லி போட்டிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியா வாங்கிய முதல் தங்கம் அது. இடையில் 41 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். இந்திய வீரர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அனுஷ் பதினேழு வயதில் கொல்கத்தாவை விட்டு ஜெர்மனிக்குப் போனவர். குதிரைகளும் ஐரோப்பாவிலிருந்தே சீனாவுக்குப் போயின. குதிரை நோய்க் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானவை என்பதால் இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோக வழியில்லை. பயிற்சிபெற்ற குதிரையின் விலை, தீனி, இலாடம், கால்நடை மருத்துவர், விமானக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினால், இது பணம் படைத்தவர்களின் விளையாட்டு என்று மக்கள் சொல்வதில் தவறில்லை.

அதிகாரிகளுக்கு மட்டும் என்றிருந்த காலம்

பணத்துக்கு முன்பே இந்த விளையாட்டில் பதவி தடையாக இருந்தது. 1948 இலண்டன் ஒலிம்பிக் வரை டிரெஸ்ஸாஜில் இராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். சாதாரண சிப்பாய்க்கும் பொதுமக்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை. அவ்வாண்டு குழுப் போட்டியில் சுவீடன் தங்கம் வென்றது. அக்குழுவில் இருந்த கெனால் பெர்சன் உண்மையில் அதிகாரி அல்லர், போட்டிக்காகவே சில வாரங்களுக்கு மட்டும் அதிகாரியாகப் பதவி உயர்த்தப்பட்டவர் என்பது பிறகு வெளிவந்தது. 1949-இல் சுவீடனின் தங்கம் பறிக்கப்பட்டு பிரான்சுக்குப் போனது. அவர் ஓட்டியதில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அவருடைய பதவிதான் குற்றமாகிவிட்டது.

துரை குதிரையில் வருவார், தொழிலாளி ஓரமாக நிற்பான் என்ற காலத்தைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த விதி புதிதாகத் தெரியாது. குதிரையைக் குளிப்பாட்டியவர் ஒருவர், ஏறியவர் வேறொருவர் என்பதுதான் உலகம் முழுவதும் இருந்த நிலை.

அந்த அநீதி வெளிச்சத்துக்கு வந்த பின் விதி மாறியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பொதுமக்களும் பெண்களும் அனுமதிக்கப்பட்டனர். அப்போது வந்தவர்தான் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல்.

1944-இல், 23 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது ஹார்டெலுக்கு இளம்பிள்ளைவாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாய்க்கு முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. இனிக் குதிரை ஏறுவது நடக்காத காரியம் என்று மற்றவர்கள் நினைத்தபோது அவர் திரும்பவும் ஏறினார். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். ஆனால் சேணத்தில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு அவர் குறைந்தவர் அல்லர். ஹெல்சிங்கியில் உடல் நலமுள்ள ஆண் அதிகாரிகளோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இல் மீண்டும் வெள்ளி வாங்கினார்.

அந்த ஒரு பெண்ணின் பதக்கம் மருத்துவர்களை யோசிக்க வைத்தது. ஊனமுற்றவர்களைக் குதிரையில் ஏற்றிப் பயிற்சி அளிக்கும் முயற்சி ஐரோப்பாவில் பரவத் தொடங்கியது. பிரிட்டனில் 1969-இல் அதற்கென்றே சங்கம் அமைந்தது. 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் பாரா டிரெஸ்ஸாஜ் அதிகாரபூர்வப் போட்டியானது.

ஐந்து பிரிவுகள்

பாரா டிரெஸ்ஸாஜில் ஓட்டுநர்களின் உடல்நிலையைப் பரிசோதித்து ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். முதல் பிரிவில் இருப்பவர்களுக்குப் பாதிப்பு மிக அதிகம். அவர்கள் குதிரையை நடையில் மட்டுமே ஓட்டினால் போதும். இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் டிராட் எனப்படும் துள்ளுநடையும் சேரும். நான்காம், ஐந்தாம் பிரிவுகளில் கேன்டர் எனப்படும் மென்பாய்ச்சலும் சேரும். பார்வைக் குறை உள்ளவர்களுக்கு எழுத்துப் பலகையருகே ஆள் நின்று குரல் கொடுக்கலாம். கை வலுவில்லாதவர்களுக்குக் கடிவாளத்தில் வளையம் வைக்கலாம். காலால் குறிப்புக் கொடுக்க முடியாதவர் இரண்டு குச்சிகளைப் பயன்படுத்தலாம்.

உதவிக் கருவிக்கு அனுமதி உண்டு. ஆனால் குதிரை நடக்கும் தரத்தில் சலுகை கிடையாது. நடுவர் பார்ப்பது குதிரையின் நடையைத்தான், ஓட்டுநரின் உடலை அல்ல. பரிதாபத்துக்குப் புள்ளி இல்லாத விளையாட்டு இது. பிரிட்டனின் லீ பியர்சன் பாராலிம்பிக்கில் மட்டும் 14 தங்கம் வாங்கியிருக்கிறார் என்றால் அத்தனையும் உழைத்து வாங்கியவை.

சிங்கப்பூர் காட்டிய வழி

ஐரோப்பாவை விடுங்கள். பக்கத்து வீடான சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளலாம். லோரன்ஷியா டான் என்ற பெண்மணிக்குப் பெருமூளை வாதம். காதும் கேட்காது. குடும்பம் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஐந்து வயதில் உடற்பயிற்சி சிகிச்சையாகக் குதிரை ஏறத் தொடங்கினார். பதக்கம் வாங்க வேண்டும் என்று யாரும் அன்று நினைக்கவில்லை. உடல் நிமிர்ந்து உட்கார வேண்டும், நடக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கின் குதிரையேற்றம் ஹாங்காங்கில் நடந்தது. அங்கே அவர் இரண்டு வெண்கலம் வென்றார். சிங்கப்பூர் பாராலிம்பிக்கில் பெற்ற முதல் பதக்கம் அந்த வெண்கலங்களில் ஒன்றுதான். 2012 இலண்டனில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம்.

சிங்கப்பூரில் மாற்றுத் திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் 1982 முதல் இயங்கி வருகிறது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமல் நன்கொடையாலும் தொண்டர்களாலும் அது நடக்கிறது. ஒரு பிள்ளை குதிரையில் ஏறினால் கயிற்றைப் பிடிக்க ஒருவர், இரு பக்கமும் நடக்க இருவர் என்று ஆட்கள் வேண்டும். நிலம் சுருங்கிய சிறு தீவில் இதைச் செய்ய முடிந்திருக்கிறது. நிலத்துக்குப் பஞ்சமில்லாத கெடாவில் முடியாதா என்பதே கேள்வி.

சிகிச்சையா, வித்தையா?

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசைகிறது. அதில் அமர்ந்திருப்பவரின் இடுப்பும், மனிதர் நடக்கும்போது அசைவது போலவே அசைகிறது. நடந்தே அறியாத பிள்ளைக்கு நடக்கும் உணர்வை உடம்பு அறிந்துகொள்கிறது. முதுகையும் கழுத்தையும் நிமிர்த்தி வைக்கும் தசைகளுக்கு வேலை கிடைக்கிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் உடல் சமநிலைக்கு இது உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அதே சமயம், இது நோயைக் குணப்படுத்தாது. வழக்கமான உடற்பயிற்சி சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, அதற்குப் பதிலாக அல்ல. எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதும் அல்ல. இடுப்பு மூட்டு விலகியிருந்தால், வலிப்பு கட்டுப்படாமல் இருந்தால், டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளையின் கழுத்தெலும்பு மூட்டு உறுதியாக இல்லாவிட்டால் ஆபத்து உண்டு. மருத்துவர் பரிசோதித்து அனுமதித்த பிறகே ஏற்ற வேண்டும். கடற்கரையில் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை மேல் பிள்ளையை உட்கார வைப்பது சிகிச்சை ஆகாது.

வடக்கில் நிலை என்ன?

நம் நாட்டில் முறையான குதிரையேற்றப் பயிற்சிக் கூடங்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. திரெங்கானு 2008-இல் நெடுந்தூரக் குதிரையோட்ட உலகப் போட்டியையே நடத்திக் காட்டியது. தஞ்சோங் டாவாய், மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி பக்கம் உள்ள குடும்பம் வாரம் ஒரு முறை பிள்ளையை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக முடியாது. தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கும், தொழிற்சாலையில் ஷிஃப்டுக்கும் போகும் பெற்றோர் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலே வருமானம் குறைகிறது.

வடக்கில் குதிரை அறிவு இல்லாமல் இல்லை. 1864-இல் தொடங்கப்பட்ட பினாங்கு டர்ஃப் கிளப்பில் சைஸ் வேலை பார்த்தவர்களில் இந்தியர்களும் பலர். குதிரையின் கண்ணைப் பார்த்தே அதன் வயிற்றுவலியைச் சொல்லும் அனுபவம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த குடும்பங்கள் உண்டு. 2024-இல் அந்தக் கிளப்பின் உறுப்பினர்கள் கலைப்புக்கு வாக்களித்தனர். அதே ஆண்டு அக்டோபர் 5-இல் சிங்கப்பூர் டர்ஃப் கிளப்பும் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. நிலத்துக்கு விலை பேசப்படுகிறது. சைஸ்களின் கைத்தொழிலுக்கு என்ன விலை என்று யாரும் பேசவில்லை.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற எல்லாக் குதிரையும் சிகிச்சைக்குப் பொருந்தாது. மிரளாத, நிதானமான குதிரை வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்துப் பழக்கவும், நடை மாறினால் கண்டுபிடிக்கவும் தெரிந்தவர்கள் இந்தச் சைஸ்கள்தான். அவர்கள் காவலாளி வேலைக்கும் லாரி வேலைக்கும் சிதறிப்போவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மருத்துவப் பக்கமும் ஆள் இருக்கிறது. ஜெராய் மலை அடிவாரத்தில் செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவமும் உடற்பயிற்சி சிகிச்சையும் கற்பிக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களில் நம் பிள்ளைகள் ஏராளம். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை இருக்கிறது. இடம், குதிரை, சைஸ், சிகிச்சையாளர், தொண்டர் ஆகிய ஐந்தையும் ஓரிடத்தில் சேர்க்கும் அமைப்புதான் இல்லை. நான்கு நல்ல குதிரைகளும் கூரை போட்ட ஒரு சிறு மணல் திடலும் இருந்தால் தொடங்கிவிடலாம். பாரா டிரெஸ்ஸாஜின் முதல் மூன்று பிரிவுகளுக்கே 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட திடல் போதும். ஒரு காற்பந்துத் திடலின் சிறு மூலை அது.

பதக்கத்துக்குப் போகும் பாதை

விளையாட்டாக வளர்ப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டியில் 22 விளையாட்டுகள் இருந்தன. குதிரையேற்றம் அவற்றில் இல்லை. காபில் அம்பாக் போன்ற வீரருக்குச் சீ போட்டி, ஆசியப் போட்டி, உலகப் போட்டி என்று படிப்படியாக ஏற வழி இருக்கிறது. ஆசியாவின் பாரா ஓட்டுநருக்கு அந்தப் படிகள் கிடையாது. தரையிலிருந்து நேராக மாடிக்குத் தாவ வேண்டும். தகுதிப் போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடப்பதால் செலவும் கூடுகிறது. லோரன்ஷியா டான் பிரிட்டனில் வளர்ந்தது அவருக்கு எவ்வளவு உதவியது என்பது இதிலிருந்து புரியும்.

இந்தப் படிகளை அமைக்கும்படி ஆசிய அமைப்புகளிடம் கேட்கும் தகுதி மலேசியாவுக்கு உண்டு. பாரா விளையாட்டாளர்களை மதிப்பதில் நம் நாடு பின்தங்கவில்லை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற ரிட்சுவான் புசி, சியாட் சுல்கிஃப்லி, லத்திஃப் ரோம்லி மூவருக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கு இணையாகப் பத்து இலட்சம் வெள்ளி வழங்கப்பட்டது. கெடாவைச் சேர்ந்த எஸ்.சுரேஷ் சாலை விபத்துக்குப் பிறகு வில்லைக் கையில் எடுத்து, 2019-இல் உலகப் பாரா அம்பெய்தல் வெற்றியாளர் ஆனார். வாய்ப்புக் கிடைத்தால் இந்த மண்ணின் பிள்ளைகள் எதுவரை போவார்கள் என்பதற்கு அவரே சான்று.

பெற்றோர் இன்றே செய்யக்கூடியது

குதிரை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்படி சமூகநல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து ஓகேயு அட்டை பெறலாம். "ஊர் பேசும்", "பிறகு கல்யாணத்துக்குத் தடையாகும்" என்று பதியாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. பதியாத பிள்ளை அரசாங்கத்தின் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாத பிள்ளைக்காக எந்த இலாகாவும் திட்டம் போடாது.

1984-இல் திரெங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கிய பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் இன்று நாடு முழுவதும் இயங்குகின்றன. பிள்ளையை அங்கே சேர்ப்பதும், மருத்துவமனையின் உடற்பயிற்சி சிகிச்சைத் தவணைகளைத் தவறவிடாமல் இருப்பதும் முதல் படி. கோயில் நிர்வாகங்களும் அரசுசாரா இயக்கங்களும் இளைஞர் மன்றங்களும் தங்கள் வட்டாரத்தில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெயர்ப்பட்டியல் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அந்தப் பட்டியலோடு மாநில அரசையும் பல்கலைக்கழகத்தையும் அணுகினால் கோரிக்கைக்கு எடை கூடும்.

ஆகென் திடலில் ஆகஸ்டு மாதம் முதல் பிரிவு ஓட்டுநர்கள் வரும்போது, அவர்களில் சிலர் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் குதிரையில் அமர்த்தப்படுவார்கள். அடுத்த சில நிமிடங்கள் குதிரை வெறுமனே நடக்கும், திரும்பும், நிற்கும். தெரியாதவர்களுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. உட்காரவே முடியாது என்று சொல்லப்பட்ட பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு அதில் பார்க்க நிறைய இருக்கிறது. அந்தத் தாய் தஞ்சோங் டாவாயில் இருந்தாலும் சுங்கை பட்டாணியில் இருந்தாலும், பிள்ளையை அழைத்துப்போக ஓர் இடம் வடக்கிலேயே இருக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது சமுதாயத்தின் பொறுப்பு.